பிலார் யாருடைய படகு?

(தூத்துக்குடியில் வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘கடலும் கிழவனும்’ நாவலை இந்த ஊரில் யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. படிக்காதவர்கள்கூட அந்தக் கதையை யார் வாயிலாகவாவது கேட்டிருப்பார்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த நாவலை எழுதிய எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் படகை. ஏறக்குறைய 27 ஆண்டு அவர் வைத்திருந்த படகு. உடம்பும் மனமும் தளர்ந்து அவர் கடலைவிட்டு விலக நேர்ந்தபோது அது யாரிடம் போய்ச் சேர்ந்தது, ஏன் அவரிடம் போனது, வாங்கிக்கொண்டவர் அதை என்ன செய்தார் என்பதைப் பேசப்போகிறேன்.

படகின் பெயர் பிலார். 1934 ஏப்ரலில், ஆப்பிரிக்காவில் வேட்டைப் பயணத்தை முடித்துக்கொண்டு நியூயார்க்கில் வந்து இறங்கிய ஹெமிங்வே, புரூக்ளினில் இருந்த வீலர் படகுத்தளத்தில் அதற்கு ஆர்டர் கொடுத்தார். நீளம் 38 அடி, விலை 7,495 டாலர். அமெரிக்கா பெருமந்தத்தில் கிடந்த காலம் அது. முழுப் பணமும் அவர் கையில் இல்லை. ‘எஸ்குயர்’ இதழின் ஆசிரியர் ஆர்னால்ட் கிங்ரிச், இனிமேல் எழுதித் தரவேண்டிய கட்டுரைகளுக்காக முன்பணம் கொடுத்து உதவினார். எழுதாத எழுத்தை அடகு வைத்து வாங்கிய படகு என்றே சொல்லலாம். பிலார் என்பது அவர் தன் இரண்டாவது மனைவி பாலினுக்கு வைத்திருந்த செல்லப்பெயர். ஸ்பெயினின் சரகோசா நகரத்து மாதாவுக்கும் அந்தப் பெயர் உண்டு.

வீலர் தளத்தில் அப்போது கட்டிக்கொண்டிருந்தவை உல்லாசப் படகுகள். ஹெமிங்வே அந்த மாதிரிகளில் ஒன்றை எடுத்து, மீன்பிடிப்புக்கு ஏற்றபடி மாற்றச் சொன்னார். உடலுக்குக் கருப்பு வண்ணம். எஞ்சின் இரண்டு. விரைந்து ஓட 75 குதிரைத்திறன் கிறைஸ்லர்; தூண்டிலை இழுத்தபடி மெதுவாகப் போகவும், பெரியது நின்றுபோனால் கரை சேரவும் 40 குதிரைத்திறன் லைகமிங். பின்பக்கத்துப் பலகையைத் தாழ்த்தி அதன்மேல் ஒரு மர உருளை வைக்கச் சொன்னார். எரிபொருளுக்குக் கூடுதல் தொட்டி, இரைமீனை உயிரோடு வைக்க ஒரு தொட்டி. சில ஆண்டு கழித்து, மேலே நின்று சுக்கான் பிடிக்க ஒரு மேல்தளமும் வந்தது.

அந்த மர உருளையின் அருமை கடலுக்குப் போய்வரும் உங்களுக்கு உடனே புரியும். பெரிய மீன் தூண்டிலில் மாட்டுவது பாதி வேலைதான். களைத்துப்போய்ப் படகோரம் அது மிதக்கும் நேரத்தில் சுறா வந்து சேரும். அதற்குள் மீனைப் படகுக்குள் ஏற்றியாக வேண்டும். 1935இல் பகாமாஸின் பிமினித் தீவுக் கடலில் ஹெமிங்வே சுறா வாய் வைக்காத பெருஞ்சூரைகளை முழுதாகக் கரைக்குக் கொண்டுவந்தார். அதற்குமுன் அங்கே யாரும் அப்படிக் கொண்டுவந்ததில்லை என்று அந்தத் தீவில் இருந்தவர்கள் சொன்னார்கள். அதே பயணத்துக்கு முதல்முறை கிளம்பியபோது, படகோரம் இழுத்த சுறாவைச் சுடப்போய்த் தன் இரண்டு கால்களிலும் குண்டுச் சிதறல் பாய்ந்து பாதியில் திரும்பியதும் உண்டு.

விளையாட்டுக்கு மட்டும் அந்தப் படகு ஓடவில்லை. 1934 கோடையில் பிலடெல்பியா இயற்கை அறிவியல் கழகத்திலிருந்து சார்லஸ் கட்வாலடரும் மீன் ஆய்வாளர் ஹென்றி ஃபௌலரும் கியூபா வந்து பிலாரில் ஏறினார்கள். வளைகுடா நீரோட்டத்து மார்லின் மீன்களின் இனங்களைப் பிரித்தறிவது அவர்கள் நோக்கம். ஃபௌலர் 1935இல் ஒரு மீன் இனத்துக்கு நியோமெரிந்தே ஹெமிங்வேயி என்று பெயர் வைத்தார். அறிவியல் ஏட்டில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. பிறகு போர்க்காலத்தில், 1942–43இல், ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடும் வேலைக்குப் பிலார் போயிற்று. ஆய்வுக் கப்பல் என்று வெளியே சொல்லிக்கொண்டு உள்ளே துப்பாக்கிகளையும் கைக்குண்டுகளையும் வைத்திருந்தார்கள். எந்த நீர்மூழ்கியையும் அவர்கள் மூழ்கடிக்கவில்லை. அந்த அத்தியாயத்தைப் பலர் விரித்துப் பேசுவார்கள். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை, கடந்துபோகிறேன்.

என்னை இழுப்பது வேறொரு கேள்வி. ஹெமிங்வே எழுதினார், ஊர் ஊராகப் போனார், ஸ்பெயினில் போரைப் பார்த்தார், சீனாவுக்குப் போனார், ஐரோப்பாவில் படைகளோடு நடந்தார். இத்தனை காலமும் ஒரு மரப்படகு உப்புத்தண்ணீரில் கிடந்து கெடாமல் இருந்திருக்கிறது. யார் பார்த்துக்கொண்டார்கள்?

முதலில் கார்லோஸ் குட்டியரெஸ் என்ற கியூப மீனவர். 1938இலிருந்து கிரெகோரியோ ஃபுவென்டெஸ். கனாரித் தீவுகளில் லான்சரோட்டேயில் பிறந்தவர். பாய்மரக் காலத்தில் சிறுபிள்ளையாகவே கடலுக்கு வந்தவர். ஹெமிங்வேயும் அவரும் சந்தித்த கதையை ஹெமிங்வேயே 1949இல் ‘ஹாலிடே’ இதழில் எழுதியிருக்கிறார். 1928இல் ஒரு வாடைப்புயலில் சிக்கி, ஃபுளோரிடாவுக்கு அப்பால் உள்ள டிரை டோர்ட்டூகாஸ் தீவுகளில் படகுகள் ஒதுங்கிக் கிடந்தன. கிரெகோரியோ அப்போது ஒரு மீன்பிடிப் படகின் தலைவர். ஹெமிங்வேயின் ஆட்களிடம் வெங்காயம் தீர்ந்துபோனது. அவருடைய படகுக்குப் போய் விலைக்குக் கேட்டார்கள். கிரெகோரியோ காசு வாங்க மறுத்துச் சும்மா கொடுத்தார். அவ்வளவு சுத்தமான படகைத் தான் பார்த்ததே இல்லை என்று அன்றைக்கே மனத்தில் பட்டதாக ஹெமிங்வே எழுதுகிறார். மீன் பிடிப்பதைவிடப் படகைத் துடைத்து வண்ணமும் வார்னிஷும் அடிப்பதில்தான் இந்த மனிதருக்கு விருப்பம் அதிகம், ஆனால் உண்பதையும் உறங்குவதையும்விட மீன் பிடிக்கத்தான் விருப்பம் என்று அவரை அளந்து சொல்கிறார்.

இந்த ஒரு வரியில் ஒரு மாலுமியின் முழு உருவமும் எனக்குக் கிடைக்கிறது. படகைத் துடைப்பது கடைநிலை வேலை என்று நினைப்பவர்கள் கரையில் உட்கார்ந்திருப்பவர்கள். மரத்தில் எந்த இடம் மெத்தென்று ஆகிவருகிறது, எந்த ஆணி துரு கக்குகிறது, எந்தப் பலகை இடுக்கில் நீர் கசிகிறது என்பதெல்லாம் துடைக்கிற கைக்குத்தான் முதலில் தெரியும். சுக்கான் பிடிக்கிறவருக்குப் படகின் போக்கு தெரியும். துடைக்கிறவருக்கு அதன் உடம்பு தெரியும். பிலாரில் இரண்டையும் செய்தவர் கிரெகோரியோ. சமையலும் அவரே.

1944 அக்டோபரில் பெரும் சூறாவளி ஒன்று கியூபாவைத் தாக்கியது. கடற்படைக் கப்பல்களே துறைமுகத்தில் தூக்கி எறியப்பட்டன. அப்போது ஹெமிங்வே ஐரோப்பியப் போர்முனையில் இருந்தார். பிலாரைக் காப்பாற்றியவர் கிரெகோரியோ. கரையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். உரிமையாளர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். உயிரோடு திரும்புவாரா என்றுகூட அன்று யாருக்கும் தெரியாது. இருந்தும் அந்தப் படகை விடாமல் பிடித்தார். பிலார் யாருடையது என்ற கேள்விக்கு 1944லேயே பாதி பதில் எழுதப்பட்டுவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிரெகோரியோ சம்பளம் வாங்கியவர். படகின் சொந்தக்காரர் உலகப்புகழ் பெற்ற எழுத்தாளர், வசதியானவர், அமெரிக்கர். வேலை பார்த்தவர் எழுத்தறிவைவிடக் கடலறிவால் வாழ்ந்த ஒரு மீனவர். இந்த ஏற்றத்தாழ்வை விட்டுவிட்டு, இருவரும் தோளோடு தோள் நின்ற நண்பர்கள் என்று மட்டும் சொன்னால் அது கிரெகோரியோவுக்கு நியாயம் ஆகாது. நம் கரையிலும் பார்க்கிறோம். மீன்பாட்டில் படகுக்கு ஒரு பங்கு உண்டு, வலைக்கு ஒரு பங்கு உண்டு. படகின் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு அவை போய்ச் சேரும். ஆயுள் முழுதும் அந்தப் படகில் ஏறி இறங்கியவருக்கு அன்றன்றைய கூலிப்பங்கு கிடைக்கும். அவர் பெயருக்குப் படகு வருவது அபூர்வம். ஆனாலும் சம்பளம் இருந்த இடத்தில் நட்பு இருக்க முடியாது என்றும் நான் சொல்ல மாட்டேன். இருபது ஆண்டுக்கு மேல் ஒரே படகில், ஒரே காற்றில், அடுத்தவர் சைகையை நம்பி உயிரை வைத்தவர்கள் இவர்கள்.

இனி நோய். 1954 ஜனவரியில் உகாண்டாவில், அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு விமான விபத்துகள். முதலில் மர்ச்சிசன் அருவியின் பக்கத்தில் விமானம் விழுந்தது. அங்கிருந்து அழைத்துப்போக வந்த இரண்டாவது விமானம் ஓடுபாதையிலேயே தீப்பிடித்தது. மண்டை ஓடு பிளந்தது. கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், முதுகெலும்பு எல்லாவற்றிலும் அடி. அவர் இறந்துவிட்டார் என்று உலகப் பத்திரிகைகள் செய்தி போட்டன. அந்த ஆண்டே நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஸ்டாக்ஹோம் போய் வாங்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. அவர் எழுதிய உரையை அமெரிக்கத் தூதர் வாசித்தார். பதக்கத்தைக் கியூப மக்களுக்கு என்று எல் கோப்ரே மாதா திருத்தலத்தில் ஒப்படைத்தார். கையில் இருப்பதைக் கொடுத்துவிட வேண்டும் என்ற மனநிலை அப்போதே அவருக்கு வந்துவிட்டிருக்கிறது.

அதன்பிறகு இரத்த அழுத்தம், கல்லீரல் கோளாறு, வாழ்நாள் முழுதும் குடித்ததன் பாதிப்பு எல்லாம் சேர்ந்துகொண்டன. எல்லாவற்றையும்விடக் கொடியதாக மனச்சோர்வு வந்து கவிந்தது. 1960 மே மாதம் அவர் பெயரால் ஹவானாவில் நடந்த மீன்பிடிப் போட்டியில் ஃபிடல் காஸ்ட்ரோ வென்றார். இருவரும் சேர்ந்து நிற்கும் புகைப்படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஜூலையில் ஹெமிங்வே கியூபாவை விட்டுப் புறப்பட்டார். பிலார் கிரெகோரியோவின் பொறுப்பில் இருந்தது. அதை யாரும் கைமாற்றம் என்று அன்று சொல்லவில்லை. முன்பு எத்தனையோ முறை போயிருக்கிறார், திரும்பியிருக்கிறார். இந்த முறை திரும்பவில்லை.

அந்த ஆண்டின் குளிர்காலத்தில் மினசோட்டாவில் மேயோ மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூளைக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். சோர்வு அப்படியே நின்றது, நினைவு குலைந்தது. 1961 பிப்ரவரியில், புதிதாகப் பதவியேற்ற ஜான் கென்னடிக்கு அளிக்கப்போகும் ஏட்டில் சில வரி எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். நாள் முழுதும் உட்கார்ந்தும் எழுத முடியாமல் அழுதார். சொல் சொல்லாகச் செதுக்கி வைத்தவருக்கு நாலு வரி வரவில்லை. ஜூலை 2ஆம் தேதி, ஐடஹோவில் கெட்சம் ஊரில் இருந்த வீட்டில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அறுபத்திரண்டாவது பிறந்தநாளுக்குச் சில வாரமே இருந்தது.

நோயுற்றவர்களுக்குப் பணிவிடை செய்த யாருக்கும் ஒன்று தெரிந்திருக்கும். உடம்பு விழும்போது முதலில் வருத்துவது சாவைப் பற்றிய பயம் என்று சொல்லிவிட முடியாது. நான் பார்த்துக்கொண்டிருந்ததை இனி யார் பார்ப்பார் என்ற கவலை அதற்கு முன்னாலேயே வந்துவிடும். மரப்படகு வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இரட்டிப்பு. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாம், நிலத்தைத் தரிசாகப் போடலாம். மரப்படகைச் சும்மா விட முடியாது. தண்ணீரில் விட்டால் புழு துளைக்கும். பாசியும் கொட்டலசும் ஏறும். கரையில் ஏற்றி வெயிலில் விட்டால் பலகை உலர்ந்து சுருங்கி இடுக்குகள் வாய் பிளக்கும். யாராவது ஒருவர் கை அதன்மேல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். கறவை மாட்டைக் கைமாற்றும்போது ஆளைப் பார்த்துத்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் அல்லவா, அந்தக் கவனம் இதற்கும் வேண்டும்.

ஹெமிங்வே மறைந்த அந்தக் கோடையில் அவர் மனைவி மேரி கியூபாவுக்கு வந்தார். ஹெமிங்வே அங்கே 1940இல் வாங்கிய ஃபின்கா விஹியா என்ற வீடு கியூப அரசிடம் போயிற்று. கையெழுத்துப் படிகளை மேரி எடுத்துச் சென்றார். பிலார் கிரெகோரியோவுக்கு என்று ஆனது. ஹெமிங்வேக்கு மூன்று மகன்கள். மூவரும் சிறுவயதில் அந்தப் படகில் தூண்டில் போட்டு வளர்ந்தவர்கள். நண்பர்கள் கூட்டமோ பெரிது. நடிகர்கள், பத்திரிகையாளர்கள், பணக்கார விளையாட்டு மீனவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். பிலாரை வாங்கிக்கொள்ள அவர்களில் எவரும் மறுத்திருக்க மாட்டார்கள். அது போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. துடைத்த கைக்குப் போயிற்று. இலக்கிய வரலாற்றில் பதக்கங்களையும் பதிப்புரிமைகளையும் பற்றிய வழக்குகள் எத்தனையோ படிக்கிறோம். ஒரு படகு அதில் உழைத்தவரிடமே வந்து சேர்ந்த இந்தச் செய்தி எனக்கு அவற்றையெல்லாம்விட உயர்வாகப் படுகிறது.

இப்போது வாங்கிக்கொண்டவர் பக்கம் நின்று பாருங்கள். கிரெகோரியோவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கையில் வந்திருப்பது இரண்டு எஞ்சின் எரிபொருள் குடிக்கும் 38 அடிப் படகு. ஒருவர், இருவர் போய் நூல்தூண்டில் போடும், கியூபாவின் கொஹிமார் ஊர் மீனவர்களின் சிறு ஓடம் போன்றதல்ல. எஞ்சின்களோ அமெரிக்கத் தயாரிப்பு; அமெரிக்காவுக்கும் கியூபாவுக்கும் இடையே வணிகம் முறிந்துகொண்டிருந்த நேரம். ஒரு உதிரிப்பாகம் போனால் எங்கே வாங்குவது? அதை ஓட்டிப் பிழைக்கவும் முடியாது, சும்மா கட்டிவைக்கவும் முடியாது. அவர் பிலாரைக் கியூப அரசிடம் ஒப்படைத்தார். அது குன்றின்மேல் இருக்கும் ஃபின்கா விஹியாவுக்குப் போயிற்று, வீடு அருங்காட்சியகமானது. டென்னிஸ் ஆடுகளம் இருந்த இடத்தில், கூரைக்குக் கீழே, இன்றும் பிலார் நிற்கிறது.

கடலில் கிடக்க வேண்டிய படகைக் குன்றில் ஏற்றி வைப்பது கொலைக்குச் சமம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் நேர்மை இருக்கிறது. ஆனாலும் நான் கிரெகோரியோ பக்கம். ஓட்டுகிறேன் என்ற பெயரில் நாலைந்து ஆண்டில் அதை மக்க விட்டிருக்கலாம். நல்ல விலைக்கு வந்தவரிடம் தள்ளிவிட்டிருக்கலாம். தன்னால் எது முடியும், எது முடியாது என்று பார்த்து, தன்னைவிட நீண்டகாலம் இருக்கக்கூடிய கையில் கொடுத்தார். பெற்றுக்கொண்டவரின் கடமையில் அதுவும் அடங்கும்.

படகைப் பெற்றுக்கொள்வதில் இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. அது கரையிலிருந்து கடலுக்குப் போன கதை. 1892இல் பாஸ்டன் துறைமுகத்தில் ஜாஷுவா ஸ்லோக்கம் என்ற கேப்டன் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தார். நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர், 48 வயது. வாழ்நாள் எல்லாம் பாய்மரக் கப்பல் ஓட்டியவர். நீராவிக் கப்பல் வந்து அந்தத் தொழிலை விழுங்கிவிட்டது. முதல் மனைவி இறந்துவிட்டார். சொந்தமாக வைத்திருந்த கப்பல் பிரேசில் கரையில் தரைதட்டி அழிந்தது. இங்கே நோய் கொடுத்தவருக்கு இல்லை. வாங்கியவருக்குத்தான், அதுவும் பிழைப்பில். எபென் பியர்ஸ் என்ற முதிய நண்பர், திமிங்கில வேட்டைக் கப்பல்களின் பழைய கேப்டன், அவரைப் பார்த்து, ஃபேர்ஹேவனுக்கு வந்தால் ஒரு கப்பல் தருவதாகவும், அதைக் கொஞ்சம் பழுதுபார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

ஸ்லோக்கம் போய்ப் பார்த்தார். கடலைவிட்டுத் தள்ளி ஒரு வயலில், முட்டுக்கொடுத்து, கித்தான் போர்த்தி நின்றது ஸ்பிரே என்ற பழைய ஒற்றைப் பாய்மரப் படகு. எப்போது கட்டியது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஏழு ஆண்டாக பியர்ஸ் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார் என்று ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. ஸ்லோக்கம் கோடரியை எடுத்தார். பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் நின்ற ஓக் மரத்தை வெட்டிப் படகின் அடிமரமான ஏராவுக்கு எடுத்தார். மரக்கட்டைகளை நீராவிப் பெட்டியில் வேகவைத்து வளைத்து, படகின் விலா எலும்புகளான வங்குகள் போட்டார். ஒன்றரை அங்குலக் கனத்தில் ஜார்ஜியா பைன் பலகைகள் பொருத்தினார். திமிங்கில வேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற கிழவர்கள் வேலை நடக்கும் இடத்துக்கு வந்து, நின்று, தட்டிப் பார்த்து, கருத்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகவே தாங்கும் என்று ஒருவர் பார்த்துச் சொன்னதில் ஸ்லோக்கத்துக்கு அளவற்ற மகிழ்ச்சி. பலகை இடுக்குகளில் பஞ்சும் சணல்நாரும் திணித்து அடித்தார். பதின்மூன்று மாத உழைப்பு. பொருள்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். நீளம் 36 அடி 9 அங்குலம்.

பழைய மரம் எதுவும் மிஞ்சாத அளவுக்கு மாறிவிட்ட பிறகு அது பழைய ஸ்பிரேதானா என்ற கேள்வியை ஸ்லோக்கமே எழுப்புகிறார். பழைய படகில் தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் அது பழைய படகாகத்தான் கணக்கு என்பது லாயிட்ஸ் வழக்கம் என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார். எனக்கு அதில் ஐயமே இல்லை. பியர்ஸ் கொடுத்தது மக்கிய பலகைகளை என்றால், அவை அடுப்புக்குப் போயிருக்கும். அவர் கொடுத்தது அந்தப் படகின் வடிவத்தை. அதோடு வேலையற்று நின்ற ஒரு மாலுமிக்குப் பதின்மூன்று மாத வேலையை.

அந்தப் படகில், 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, தனி ஆளாக உலகைச் சுற்றி, 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட்டில் வந்து சேர்ந்தார். ஏறக்குறைய 46,000 மைல். தனியாக ஒருவர் உலகைச் சுற்றி வந்தது அதுவே முதல்முறை. பிறகு படகை ஃபேர்ஹேவனுக்கே ஓட்டிக்கொண்டு போய், முதன்முதலில் நீரில் இறக்கியபோது கட்டிவைத்த அதே தேவதாரு முளையில் கட்டினார். நண்பர் கொடுத்ததற்கு இதைவிடப் பெரிய கணக்கு ஒப்பிக்க முடியாது.

இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்தது எது உயர்வு என்று சீர்தூக்க அல்ல. ஸ்லோக்கத்துக்கு வாய்த்ததும் கிரெகோரியோவுக்கு வாய்க்காததும் ஒன்று உண்டு. ஸ்லோக்கம் தான் செய்ததை எல்லாம் எழுதினார். அவர் புத்தகம் 1900இல் வெளிவந்தது. எந்த மரத்தை எங்கே வைத்தார் என்பதுவரை அதில் இருக்கிறது. அந்த அளவுகளை வைத்து உலகெங்கும் பலர் ஸ்பிரே கட்டியிருக்கிறார்கள். பிலாரின் சொத்தோ மூன்றாகப் பிரிந்தது. படகு கியூபாவில். ஹெமிங்வே எழுதிவைத்த பிலாரின் நாட்குறிப்பேடுகள் பாஸ்டனில், கென்னடி நூலகத்தில். மூன்றாவது சொத்து கிரெகோரியோவின் கைகளில் இருந்தது. அந்த இரண்டு எஞ்சின்களும் எந்தக் குளிரில் எப்படி முரண்டு பிடிக்கும், 1944 சூறாவளியில் நங்கூரக் கயிற்றை எவ்வளவு விட்டார், எந்த இடுக்கு முதலில் கசியும் என்பதெல்லாம். கொஹிமாரில் அவர் நெடுங்காலம் இருந்தார். உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஹெமிங்வே எப்படிப்பட்டவர், ‘கடலும் கிழவனும்’ கதையில் வரும் கிழவர் நீங்கள்தானா என்பதைத்தான். ஆனால் பெரிய மீனைப் பிடித்துச் சுறாக்களிடம் இழந்த ஒரு கிழவரின் கதையை ஹெமிங்வே 1936லேயே, கிரெகோரியோ பிலாரில் சேர்வதற்கு முன்பே, ‘எஸ்குயர்’ கட்டுரையில் எழுதிவிட்டார். கிரெகோரியோ 2002 ஜனவரியில், 104 வயதில் இறந்தார்.

கொஹிமார் மீனவர்கள் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹெமிங்வே இறந்த செய்தி வந்ததும் அவருக்கு ஒரு சிலை வைக்க நினைத்தார்கள். உலோகம் வாங்கப் பணம் இல்லை. தங்கள் படகுகளிலிருந்து பித்தளைத் துண்டுகளைக் கழற்றிக் கொடுத்தார்கள்: பழைய புரொப்பெல்லர், கொக்கி, கயிறு கட்டும் முளை. அவற்றை உருக்கி ஃபெர்னான்டோ போவாடா என்ற சிற்பி மார்பளவுச் சிலை செய்தார். 1962இல் கடலைப் பார்த்து அதை நிறுவினார்கள். எதற்கும் தட்டுப்பாடு நிலவிய ஆண்டில் ஒரு மீனவர் தன் படகின் பித்தளையைக் கழற்றிக் கொடுப்பது எவ்வளவு பெரிய கொடை என்பது படகு வைத்திருக்கும் உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நம் கரையில் மரவல்லங்கள் போய்க் கண்ணாடியிழைப் படகுகள் வந்துவிட்டன. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. மரத்தின் விலை, பராமரிப்பு, வேகம். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மரப்படகை வைத்துக் காத்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. தோணி கட்டிய, வல்லம் கட்டிய ஆசாரிமார் சிலர் இந்தக் கூட்டத்திலேயே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வரும்போதே அவர்களைப் பார்த்துப் பேசினேன். பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலையில் பஞ்சை எவ்வளவு இறுக்கமாக அடிக்க வேண்டும், உளியின் சத்தம் மாறுவதை வைத்து எப்படி அறிவது என்று ஒரு பெரியவர் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் கூட்டம் தொடங்கிவிட்டது. உரைக்குப் பிறகு கேள்வி நேரம் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த நேரம் முழுவதையும் அவரிடம் கொடுத்துவிட அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஐயா, முன்னே வாருங்கள். ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. விட்ட இடத்திலிருந்து சொல்லுங்கள்.